ஷட்டரைத் தூக்கிய பிறகு கடை யாருடையது?

கேள்வி: நான் 18 வருடமாக மருந்துக் கடை நடத்துகிறேன். கட்டடம் என் சொந்தப் பெயரில் இருக்கிறது. போன மாதம் ஒரு இளைஞர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, அதனிடம் பேசிக்கொண்டே கடைக்குள் வந்தார். நேரலை என்று பிறகுதான் தெரிந்தது. மருந்துச் சீட்டோடு நின்றிருந்த நாலைந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மா வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டார். நிறுத்தச் சொன்னேன். “கடை என்றால் பொது இடம், பொது இடத்தில் படம் எடுப்பது என் உரிமை” என்றார். வெளியே போகச் சொன்னேன். வாசற்படியில் நின்று கண்ணாடி வழியாக மேலும் பத்து நிமிடம் எடுத்தார்.

எனக்கு வாயடைத்துப் போனதற்குக் காரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் ஒரு இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். கடைப் பையன் முன்னால் கணக்கு முடித்துக்கொண்டிருந்தான். சுகாதார ஆய்வாளர் வந்து, பொது இடத்தில் புகைபிடித்ததாக அபராதம் எழுதிவிட்டார். “இது என் சொந்தக் கடை” என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் கடை பொது இடமா, இல்லையா? ‘அனுமதி மறுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு’ என்று பலகை மாட்டினால் பிரச்சினை தீருமா?

பதில்: அபராதம் எழுதிய ஆய்வாளர் செய்ததும் சரி. அந்த இளைஞரை வெளியே போகச் சொன்ன நீங்கள் செய்ததும் சரி. ‘எனக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா’ என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

‘பொது இடம்’ என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இடம் யாருக்குச் சொந்தம்? யார் யார் உள்ளே வரலாம்? வந்தவர் என்னென்ன செய்யலாம்? தெருவில் நிற்கும்போது மூன்றுக்கும் ஒரே பதில்தான்: ஊருக்குச் சொந்தம், எல்லாரும் வரலாம், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அதனால் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. கடை என்று வந்தால் மூன்றும் தனித்தனியாகப் போய்விடுகின்றன. உங்கள் கடை உங்களுக்குச் சொந்தம்; ஆனால் யாரும் உள்ளே வரலாம்; ஆனால் வந்தவர் நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது. அந்த இளைஞர் இரண்டாவது கேள்வியின் பதிலை எடுத்து மூன்றாவதுக்குப் போட்டார். நீங்கள் ஆய்வாளரிடம் முதல் கேள்வியின் பதிலை வைத்து வாதாடினீர்கள். இருவரும் செய்தது ஒரே தவறுதான்.

இந்தக் குழப்பம் பழையது. 1748-இல் ஜாம்பட்டிஸ்டா நொல்லி என்பவர் ரோம் நகரத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். கட்டடங்களைக் கருப்பாகவும் தெருக்களை வெள்ளையாகவும் காட்டுவதுதான் வழக்கம். நொல்லி தேவாலயங்களின் உட்புறத்தையும், தூண் வரிசை மண்டபங்களையும்கூடத் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டார். நடந்து உள்ளே போக முடிகிறதா என்பதுதான் அவர் கணக்கு. பத்திரம் யார் பெயரில் என்பதில்லை. உங்கள் நகரத்தை அவர் வரைந்திருந்தால் பகலில் உங்கள் கடையும் வெள்ளையாக இருந்திருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் அந்த வரைபடம் செல்லாது.

முதலில் சிகரெட். மருந்துக் கடைக்குள் சிகரெட்டா என்று நான் கேட்கப் போவதில்லை; அதற்கு வேறு ஆலோசகர் இருக்கிறார். ஒரு சட்டம் ‘பொது இடம்’ என்று சொன்னால், அந்தச் சட்டம் யாரை எதிலிருந்து காக்க வந்தது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். புகைக்குப் பத்திரமும் பட்டாவும் தெரியாது. பின்னறையில் விட்டால் முன்னறையில் நிற்பவர் மூக்கில் ஏறும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்காக 2007-இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், பொதுமக்கள் புழங்கும் எந்த இடமும் பொது இடமே, அது யாருக்குச் சொந்தம் என்பதும் உள்ளே போக உரிமை உண்டா என்பதும் பொருட்டல்ல என்கின்றன. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டமும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், மக்கள் உரிமையோடு வந்தாலும் சரி, உரிமை இல்லாமல் வந்தாலும் சரி, வந்து போகிற இடம் பொது இடம் என்கிறது.

‘ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேனே’ என்பீர்கள். மீதிப் பாதி திறந்திருந்ததே! அதைவிட முக்கியம், உள்ளே ஒரு பையன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். உங்களுக்குக் கடை, அவனுக்கு வேலையிடம். அந்த நெறிகள் வேலையிடத்தையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. அபராதத்தைக் கட்டிவிட்டீர்கள் என்றால் அதை அத்தோடு விடுங்கள்.

இப்போது செல்போன் இளைஞர். கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்து வருவதில்லை. ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, பெயர்ப் பலகையை மாட்டினாலே ‘வாருங்கள்’ என்று சொன்னதாக ஆகிறது. ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நாடுகள் இதைச் சொல்லாமல் கொடுத்த அனுமதியாகப் பார்க்கின்றன. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எதற்காகக் கொடுத்தீர்களோ அதற்கு மட்டும்தான் அது செல்லும். 1927-இல் ஸ்க்ரட்டன் என்ற ஆங்கில நீதிபதி இதை அழகாகச் சொன்னார்: வீட்டுக்கு வந்தவரிடம் மாடிப்படியில் ஏறி வாருங்கள் என்று சொன்னால், கைப்பிடிச் சட்டத்தில் சறுக்கி இறங்குங்கள் என்று சொன்னதாக அர்த்தமில்லை. மருந்து வாங்க, விலை கேட்க, மழைக்கு ஒதுங்கி நின்று ஒரு மாத்திரை அட்டை வாங்கிப் போக உங்கள் கடை திறந்திருக்கிறது. யார் என்ன வியாதிக்கு மருந்து வாங்குகிறார்கள் என்று ஊருக்குக் காட்ட அல்ல.

இரண்டாவது குணம், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். “நிறுத்துங்கள், இல்லையென்றால் வெளியே போங்கள்” என்று நீங்கள் சொன்னதோடு அவருடைய அனுமதி முடிந்தது. அந்த நொடியே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடக்கிற அவகாசம் அவருக்கு உண்டு. அதற்குப் பிறகும் நின்றால் அத்துமீறல்.

வாடகைக் கடை நடத்துகிறவர்களும் இதைக் கேட்பதுண்டு. இடத்தை அனுபவிக்கும் உரிமை உங்களிடம் இருக்கும்வரை, போகச் சொல்லும் உரிமையும் உங்களிடம்தான். வளாகத்தின் நடையும் மாடிப்படியும் வளாகத்துக்காரர் பாடு. இன்னொன்று, சோதனைக்கு வரும் அதிகாரியிடம் இந்த வசனம் எடுபடாது. அவர் உங்கள் அனுமதியில் வரவில்லை, சட்டத்தின் அனுமதியில் வருகிறார்.

சரி, அந்த இளைஞர் சொன்னது முழு உளறலா என்றால், இல்லை. அந்த வாதத்துக்குப் பெரிய இடத்தில் பிறந்த ஒரு தாத்தா இருக்கிறார். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்று ஒரு ஊர். தெரு, வீடு, கடைவீதி, சாக்கடை வரை எல்லாம் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். அங்கே அஞ்சலகத்துக்குப் பக்கத்து நடைபாதையில் கிரேஸ் மார்ஷ் என்ற பெண் மதப் பிரசுரங்களை விநியோகித்தார். கம்பெனி இடம், போய்விடு என்றார்கள். அவர் மறுத்தார். அத்துமீறல் என்று தண்டனை கிடைத்தது. 1946-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தன் லாபத்துக்காகத் தன் இடத்தை ஒருவர் எவ்வளவுக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறாரோ, அவ்வளவுக்கு அவருடைய உரிமை சுருங்கும் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் இளைஞர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தெரியும்.

ஆனால் அந்த வழக்கில் கம்பெனி கடை நடத்தவில்லை, ஊரையே நடத்தியது. பேரங்காடிகள் முளைத்த பிறகு அதே வாதத்தை அங்கே கொண்டு போனார்கள். 1972-இல் போர்ட்லண்ட் நகரத்தில் ஒரு பேரங்காடிக்குள் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்களின் வழக்கில், வாங்கவும் விற்கவும் மக்களை அழைத்ததாலேயே தனியார் இடம் பொது இடமாகிவிடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு வருடம் கழித்து கலிபோர்னியாவில் புரூன்யார்ட் என்ற பேரங்காடியில் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த மாநிலத்தின் சொந்த அரசமைப்புச் சட்டம் பேச்சுரிமைக்குக் கூடுதலாக இடம் கொடுத்திருந்ததுதான் காரணம். கொடுப்பது தவறில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

இங்கிலாந்து வழக்கு எனக்கு இன்னும் உறுத்தும். வாஷிங்டன் என்ற ஊரின் மையத்தையே ஒரு அரசு அமைப்பு கட்டி, பிறகு தனியாருக்கு விற்றுவிட்டது. ஊர் விளையாட்டு மைதானத்தில் கட்டடம் வரக்கூடாது என்று கையெழுத்து வாங்க ஊர்க்காரர்கள் அங்கே ஒரு மேசை போடக் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்தது. 2003-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கருத்தைச் சொல்ல அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன, எனவே உரிமை மீறல் இல்லை என்றது. ஊரின் நடுத்தெருவையே விற்ற பிறகு ‘வேறு இடத்துக்குப் போ’ என்பது நியாயமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். அது என் கருத்து, தீர்ப்பு அதுவல்ல.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 2011-இல் போராட்டக்காரர்கள் இரண்டு மாதம் தங்கியிருந்த சுக்கோட்டி பூங்கா தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். நகரத்தின் சொந்தப் பூங்காக்கள் இரவில் மூடிவிடும். இது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நகரத்தோடு போட்ட ஏற்பாடு. தனியார் இடம் என்பதாலேயே அங்கே தங்க முடிந்தது!

இந்தத் தராசில் உங்கள் கடையை வைத்துப் பாருங்கள். ஊர் இல்லை, ஊர் மையம் இல்லை, யாரிடமும் சலுகை வாங்கிக்கொண்டு திறந்துவிட்ட வெளி இல்லை. ஒரு கல்லா, நாலு அலமாரி, ஒரு குளிர்பதனப் பெட்டி. படம் எடுக்க விரும்புகிறவருக்குத் தெரு முழுக்க இருக்கிறது. அந்தத் தாத்தாவின் சொத்தில் உங்கள் இளைஞருக்குப் பங்கு வராது.

அடுத்து பலகை. ‘அனுமதி மறுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு’ என்ற வாசகம் எனக்குப் பிடிப்பதில்லை. இருக்கிற உரிமையை அது கூட்டாது. இல்லாத உரிமையை இருப்பதாக நினைக்க வைக்கும். படம் எடுத்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பலாம், சத்தம் போட்டதற்காக அனுப்பலாம். அவர் இன்னார் என்பதற்காக அனுப்ப முடியாது. கிரிக்கெட் பார்க்கிறவர் என்றால் லியரி கான்ஸ்டன்டைன் பெயரைக் கேட்டிருப்பீர்கள், மேற்கிந்தியத் தீவுகளின் பழைய ஆல்ரவுண்டர். 1943-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்தவர் லண்டனில் இம்பீரியல் ஹோட்டலில் முன்பதிவு செய்திருந்தார். வந்து இறங்கியதும், ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது என்றார்கள். அங்கே தங்கியிருந்த வெள்ளை அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடிக்காதாம். அதே நிறுவனத்தின் இன்னொரு ஹோட்டலில் அறை கிடைத்தது. பணநஷ்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் வழக்குப் போட்டார். விடுதி நடத்துகிறவர் தக்க காரணமில்லாமல் வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே பல நூற்றாண்டுச் சட்டம். 1944-இல் அவர் ஜெயித்தார். நஷ்டஈடு ஐந்து கினி. தொகை சின்னதுதான், ஆனால் வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய விதி விடுதிகளுக்குத்தான், கடைகளுக்கு இல்லை. இங்கிலாந்தின் 1965-ஆம் ஆண்டு இனவேற்றுமைத் தடைச் சட்டம்கூடக் கடைகளை விட்டுவிட்டது; 1968-இல்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1964-இல் சட்டம் வருவதற்கு, சிற்றுண்டி மேசையில் அசையாமல் உட்கார்ந்து அடியும் வசவும் வாங்கிய மாணவர்கள் தேவைப்பட்டார்கள். இந்தியாவில் 1950-இலேயே அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகளுக்குள் போவதற்கு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் எதையும் காரணமாக வைத்துத் தடை போடக்கூடாது என்றது. ‘கடை’ என்ற சொல்லே அதில் இருக்கிறது. அந்தத் தடை எதற்கு எழுதப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதிலைப் படிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். உங்கள் நாட்டின் பட்டியலில் எந்தெந்தக் காரணங்கள் இருக்கின்றன என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் பலகை மாட்டுவதானால் இப்படி எழுதுங்கள்: ‘இங்கே மருந்து வாங்குவோரின் அந்தரங்கம் கருதி, படமோ வீடியோவோ எடுக்க அனுமதி இல்லை.’ கல்லாவுக்குப் பின்னால் வேண்டாம், உள்ளே நுழையும்போதே கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல் செய்யுங்கள். உங்கள் சொந்தக்காரர் கடைத் திறப்பு நாளில் எடுத்த வீடியோவை நீங்களே பகிர்ந்திருந்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுப்பார். நானாக இருந்தாலும் எடுப்பேன்.

அடுத்த முறை இப்படி ஒருவர் வந்தால், தெளிவாக, ஒரே குரலில், சாட்சிக்கு ஒருவர் காதில் விழும்படி நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் போகச் சொல்லுங்கள். போகவில்லையா, போலீஸைக் கூப்பிடுங்கள். செல்போன்மேல் மட்டும் கை வைக்காதீர்கள். பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு கடைக்காரர் வந்தார். அவருடைய கேஸ் உங்களுடையதைவிட வலுவானது. கேமராவோடு உடை மாற்றும் அறைப் பக்கம் போன ஆளை அவருடைய காவலாளி தடுத்திருந்தார். தடுத்ததோடு நிற்காமல் போனைப் பிடுங்கி, கீழே போட்டு, சட்டைக் காலரையும் பிடித்துவிட்டார். புகார் கொடுக்கப் போனவர் எதிர்ப் புகாரில் பெயர் ஏறித் திரும்பினார். சமாதானம் ஆவதற்கு ஒன்றரை வருடமும், ஒரு புதுப் போனின் விலையும் ஆனது. அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. போகச் சொன்னதால், அதுவரை எடுத்தது தானாகச் சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆனால் அதில் ஒரு நோயாளியின் முகமும் மருந்துச் சீட்டும் தெரிகிறது என்றால், அந்த நோயாளிக்குத் தனியாக உரிமை உண்டு. வாங்காமல் போன அந்த அம்மா திரும்ப வந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

உங்கள் கடைக் கேமராவையும் ஒரு தரம் பாருங்கள். திருட்டைத் தடுக்க வைத்தது கல்லாவைப் பார்த்தால் போதும். வருகிறவர் கையிலிருக்கும் சீட்டை வாசிக்கிற அளவுக்கு அருகில் இருந்தால், அந்த இளைஞர் செய்ததை நீங்கள் தினமும் செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லக்கூடும்.

கடைசியாக வாசற்படி. அவர் கண்ணாடி வழியாக எடுத்த பத்து நிமிடம்தான் இதில் சிக்கலானது. தெருவில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுப்பதை அநேக நாடுகளில் பொதுவாகத் தடுக்க முடியாது; தொல்லை, தனிநபர் தகவல் பாதுகாப்பு என்று வேறு சட்டங்களின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் நீங்கள் செய்யக்கூடிய எளிய காரியம், கண்ணாடியில் நெஞ்சுயரத்துக்குப் பனிபோன்ற ஸ்டிக்கர் ஒட்டி, சீட்டு வாங்கும் இடத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது. ஆனால் அவர் நின்ற படி உங்களுடையதா, தெருவினுடையதா? நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று படிகள் தெரிகின்றன, கடைசிப் படி நடைபாதைக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பெயர்ப் பலகையின் ஒரு காலும் அதன்மேல்தான் நிற்கிறது. பத்திரத்தோடு உள்ள மனை வரைபடத்தை எடுத்து, ஒரு டேப்பை வைத்துச் சுவரிலிருந்து அளந்து பாருங்கள். படி உங்களுடையது என்றால் அங்கே நின்றதும் அத்துமீறல்தான், புகார் எழுதலாம். தெருவினுடையது என்றால், புகார் கொடுக்கும் முன் பலகையை உள்ளே தள்ளி வையுங்கள். அளவு என்ன வந்தது என்று எழுதுங்கள்.